ஐப்பசி விருந்தாளி

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தால் கரண்ட் போய்விடுகிறது, இல்லாவிட்டால் யாராவது பேச வந்துவிடுகிறார்கள். இன்றைக்கு இரண்டு தொல்லையும் இல்லை. முட்டிவலி தேவலையா? தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல்.

இங்கே கடலூர் மஞ்சக்குப்பத்தில் காற்று திசை மாறிவிட்டது. கடல் பக்கமிருந்து மேகம் திரண்டு வந்து ஒரு பாட்டம் கொட்டும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி சுள்ளென்று வெயில். 2011 டிசம்பரில் 'தானே' புயல் கொல்லைப் பலாவைச் சாய்த்ததிலிருந்து, வங்கக்கடலில் தாழ்வுப் பகுதி என்று செய்தி வந்தாலே வீட்டில் மெழுகுவத்தி வாங்கிவிடுகிறார்கள்.

சரி, முக்கியமான சேதிக்கு வருகிறேன். ஆறுமணிக்குருவி வந்துவிட்டது! பலா இருந்த இடத்தில் இப்போது செம்பருத்தி மண்டிக் கிடக்கிறது. அதன் அடியில்தான் குடித்தனம். வால் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. முதுகு பச்சை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, வாலுக்கடியில் குங்குமச் சிவப்பு. இரண்டு தத்து தத்தும், நிற்கும், அலகால் ஒரு சருகைப் புரட்டிப் போடும், தலையைச் சாய்த்துப் பார்க்கும். மண்புழு அகப்பட்டால் சட்டென்று இழுக்கும். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தை நம் பக்கமும் இலங்கையிலும் கழிக்கிற பறவை. இரவு நேரத்தில் பறந்து வருமாம்.

இதனால் வீட்டில் சண்டை. தீபாவளிக்குள் கொல்லையைக் கூட்டிச் சருகைக் கொளுத்த வேண்டும் என்கிறாள் உன் அக்கா. சருகு போனால் புழு போகும், புழு போனால் குருவி போகும் என்று நான் சொன்னால், "வர்றவங்க குருவியையா பாக்கப் போறாங்க?" என்கிறாள். கடைசியில் வாசலும் பக்கவாட்டுச் சந்தும் அவளுக்கு, செம்பருத்திப் பக்கம் எனக்கு என்று பங்கு பிரித்தோம். பக்கத்து வீட்டுக்காரர் பாம்பு வரும் என்று பயமுறுத்துகிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை, ஒரு சாரை அடிக்கடி மதிலோரம் போகிறது. எலி குறைந்திருக்கிறதே, அதை யார் கணக்கில் எடுக்கிறார்கள்?

வெடிதான் கவலை. 2018 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு நம் மாநிலத்தில் பட்டாசுக்குக் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் வைத்திருக்கிறார்கள். இந்தக் குருவி கூவுவதும் விடியலில் ஆறு மணி வாக்கில்தான். யார் சத்தம் எடுபடும் என்று நீயே சொல். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காக ஊரே வெடிப்பதில்லை. நம் தெருவில் அதைப் பேசினால் பிள்ளைகள் என்னை அடிக்க வருவார்கள். பேரனிடம் மட்டும், அணுகுண்டு வேண்டாம், மத்தாப்பும் சங்குசக்கரமும் போதும் என்று ஒப்பந்தம் போட்டிருக்கிறேன்.

அப்புறம், உன் பக்கம் ஒரு கூட்டம் புறப்பட்டிருக்கிறது. கறுப்பு இறக்கையில் வெளிர்நீலக் கோடு போட்ட பட்டாம்பூச்சிகள், மழை விட்ட இடைவெளியில் மதிலைத் தாண்டி மேற்கே போய்க்கொண்டே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை நேரத்தில் சமவெளியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்குத் திரும்புகிற வகை இது. கோயம்புத்தூரில் உன் மொட்டைமாடியில் நின்று பார். ஓடைப் பக்கம் கிலுகிலுப்பைச் செடி இருந்தால் அதில் மொய்த்துக் கிடக்கும்.

மழை விட்ட ராத்திரிகளில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது. எட்டு மணிக்கு மேல் கிழக்கே கார்த்திகைக் கூட்டம் தெரிகிறது, பத்து மணி வாக்கில் திருவாதிரை சிவப்பாக மேலே வருகிறது. தீபாவளிக்கு நிலவும் கிடையாது, நட்சத்திரம் பார்க்க அதைவிட நல்ல ராத்திரி ஏது? ஆனால் அன்றைக்குத்தான் தெருவெல்லாம் புகை.

பெரியவனுக்குப் பெங்களூரிலிருந்து பஸ் டிக்கெட் கிடைக்கவில்லை, ரயிலில் நின்றுகொண்டாவது வருவேன் என்கிறான். நீ கார்த்திகைக்காவது வா. குருவி பங்குனி வரை இங்கேதான் இருக்கும். வரும்போது அந்த முட்டிவலித் தைலத்தில் எனக்கும் ஒரு பாட்டில் வாங்கி வா, மாடிப்படி ஏறினால் எனக்கும் லேசாகப் பிடிக்கிறது.

அன்புடன்,
உன் மச்சான்