சேப்பாக்கம் ஸ்டேஷன் அக்காவுக்கு நன்றி
வாய்மொழித் தேர்வு அன்றைக்கென்று பார்த்து மழை. சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையப் படிக்கட்டில் என் பை அறுந்து, ஆய்வேட்டுத் தாள்கள் சிதறின. பைண்டிங் காசை மிச்சம் பிடித்த புத்திசாலி நான்தான்.

மீன்கூடையோடு வந்த ஓர் அக்கா, கூடையை மூடியிருந்த பிளாஸ்டிக் தாளை உருவி அத்தனையையும் சுற்றிக் கட்டினார். “கொண்டல் காத்தும்மா, மழை இப்ப விடாது, ஓடு!” என்றார்.

வாடை, கொண்டல், கச்சான் என்று மெரினா மீனவர்களின் காற்றுப் பெயர்கள்தான் என் ஆய்வுப் பொருள்! சொல்லக்கூட நேரமில்லை. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்குள் வஞ்சிர வாசனையோடு நுழைந்தேன். பட்டம் உறுதி, அக்கா. பிளாஸ்டிக் தாளைக் கழுவி வைத்திருக்கிறேன்.