தோட்டத்து வீட்டுக்கும் அதே அளவுகோல் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை முழுவதற்கும் பொதுவான குறைந்தபட்சக் கட்டடத் தரங்களை வகுப்பது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பதுளைப் பக்கம் மேசன் வேலை செய்தவன் என்ற முறையில், அந்தத் தரம் நகர எல்லையோடு நின்றுவிடக் கூடாது என்று வலியுறுத்த விரும்புகிறேன்.

டவுனில் வீடு கட்டுபவர் வரைபடத்தை உள்ளூராட்சிச் சபையில் ஒப்படைக்க வேண்டும். சரிவான காணியென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையும் கேட்கப்படும். லயத்துக் காம்பராவின் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையின்) இஸ்தோப்பை, அதாவது முன்திண்ணையை, அடைத்து ஓர் அறை எடுப்பவரிடமோ, நான் பார்த்தவரை, யாரும் எதையும் கேட்பதில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளைச் சபைகளின் சேவைக்கு வெளியே வைத்திருந்தது. 2018இல் அது திருத்தப்பட்ட பின்னரும் எங்கள் லயத்துக்கு ஒரு தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து நான் கண்டதில்லை.

சென்ற மழைக்காலத்தில் உறவினர் ஒருவரின் புது வீட்டுக்குப் போயிருந்தேன். குசினிச் சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே உடம்பைத் திருப்பிக்கொண்டுதான் நுழைய முடிந்தது. மேட்டைத் தாங்கக் கட்டிய கருங்கல் அணையில் நீர் வடிவதற்கு ஒரு குழாய்கூட விடப்படவில்லை. மேலே கான் (வடிகால்) வெட்டாததால் தேயிலை மலையின் தண்ணீரெல்லாம் அதன் முதுகில் இறங்கி, நடுப்பகுதி வயிறு தள்ளி நின்றது. கட்டும்போதே சில துண்டு பி.வி.சி. குழாய் வைத்திருந்தால் தண்ணீர் வெளியே வந்திருக்கும். இத்தனைக்கும் சுவர்ப் பூச்சு கண்ணாடிபோல இருந்தது!

ஆகவே மலைப்பகுதிக்கான தரம் தடித்த புத்தகமாக இருக்க வேண்டியதில்லை. மேட்டுக்கும் சுவருக்கும் விட வேண்டிய இடைவெளி, மேற்கான், அணையில் வடிகுழாய், சுவரைச் சுற்றி ஒரு கொங்கிரீட் பெல்ட், காற்றுக்குக் கிளம்பாதபடி கூரையைச் சுவரோடு பிணைக்கும் கம்பி ஆகியவற்றையாவது கட்டாயமாக்கலாம். தினச் சம்பளத்தில் கட்டுபவரைத் தண்டப் பணத்தால் மிரட்டாமல், நிலப் பரிசோதனையை இலவசமாகச் செய்து கொடுக்க வேண்டும்.

நிலமே கூடாதென்றால் எந்தத் தரமும் உதவாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மண்சரிவில் புதைந்த, பதுளை மாவட்டத்து மீரியாபெத்தைத் தோட்டத்துக்கும் அந்த அனர்த்தத்துக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. சனங்கள் அங்கேயேதான் இருந்தார்கள். மாற்றுக் காணி தராமல் "எழும்புங்கள்" என்பது அறிவிப்பாக மட்டுமே இருக்கும்.

கடைசியாக ஒன்று: வகுக்கப்படும் விதிகள் தமிழிலும், அளவு குறித்த படங்களோடும், எங்கள் மேசன்மாரின் கைக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மேசன் ஒருவர்,
ஹாலிஎல.