முத்தையா ‘முதலாளி’ என்று கூப்பிட்டால் போதும்

பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மணி,

ட்வைன் மென்பொருளில் நீ எழுதும், ஆடுகிறவனே வழி தேர்ந்து போகும் கதை விளையாட்டின் கோப்பு கிடைத்தது. இங்கே எல்லாரும் நலம். உன் மகள் எஸ்பிஎம் பள்ளித் தேர்வு எழுதி முடித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டதில் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், வாழ்த்துச் சொல்லச் சொன்னார்.

கதை எனக்குப் பிடித்திருக்கிறது. பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு மளிகைக்கடை. தாத்தா போய்ச் சேர்ந்தபின் கோலாலம்பூரிலிருந்து வந்து கடையை ஏற்கும் பேரன். கல்லாப்பெட்டிக்கு அடியில் ஒரு 555 கடன் புத்தகம். அந்தச் சின்னப் புத்தகத்தைப் பார்த்ததுமே நம் ஊர் ஆள் யாருக்கும் அரிசி மூட்டை வாசம் வந்துவிடும். இதை நீ பாதியில் விடக்கூடாது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

நாற்பது காட்சி எழுதியும் பாதிகூட முடியவில்லை, எங்கே தப்பு என்று கேட்டிருந்தாய். கணக்குப் போட்டுப் பார். ஆறு இடத்தில் முடிவெடுக்கச் சொல்கிறாய், ஒவ்வொன்றிலும் இரண்டு வழி. ஒரு வழியும் இன்னொன்றோடு திரும்பச் சேரவில்லை. அப்படியானால் 1, 2, 4, 8 என்று பெருகி ஆறாவது முடிவுக்குப் பிறகு 64 காட்சி நிற்கும், மொத்தம் 127. காட்சிக்கு 250 சொல் வைத்தால் 31,750 சொல் எழுத வேண்டும். ஆடுகிறவன் கண்ணில் படுவது ஏழே காட்சி, 1,750 சொல். 1979இல் எட்வர்ட் பேக்கார்ட் எழுதிய ‘தி கேவ் ஆஃப் டைம்’ மாதிரியான, பக்கம் தேர்ந்து படிக்கும் சிறுவர் புத்தகங்கள் இப்படித்தான் இருந்தன. சாம் கபோ ஆஷ்வெல் 2015இல் இந்தக் கதை வடிவங்களை வகைப்படுத்தியபோது இதற்குக் ‘காலக் குகை’ என்றே பெயர் வைத்தார். இதில் உழைப்பு வீணாவது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நஷ்டம், ஒவ்வொரு கிளையும் குட்டையாகப் போவது. முத்தையா யாரென்று நமக்குத் தெரிவதற்குள் கதை முடிந்துவிடுகிறது.

அதே கட்டுரையில் ‘கிளையும் கழுத்தும்’ என்று நாம் சொல்லக்கூடிய வடிவம் ஒன்று உண்டு. வழி பிரியும், கொஞ்ச தூரம் போய் எல்லாருக்கும் பொதுவான ஒரு காட்சியில் சேரும், மறுபடி பிரியும். உன் ஆறு முடிவையும் இப்படி அமைத்தால் முடிவுக்கு இரண்டு கிளை, ஒரு சேரும் காட்சி, தொடக்கக் காட்சி ஒன்று, ஆக 19 காட்சி. ஆடுகிறவன் அதில் 13ஐப் பார்ப்பான். மிச்சமாகும் உழைப்பை எங்கே போடுவது என்பதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். சேரும் காட்சி எல்லாருக்கும் ஒரே மாதிரி இருந்தால் ‘நான் என்ன செய்தாலும் இதுதானே’ என்று ஆடுகிறவன் கையை எடுத்துவிடுவான். பாதை சேரலாம், மனிதர்கள் மறக்கக்கூடாது.

2012இல் வந்த டெல்டேல் நிறுவனத்தின் ‘தி வாக்கிங் டெட்’ விளையாட்டை எடுத்துக்கொள். முதல் அத்தியாயத்தின் கடைசியில் டக், கார்லி இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். யாரைக் காப்பாற்றினாலும் மூன்றாவது அத்தியாயத்தில் கூட வரும் லில்லியின் துப்பாக்கியில் அவர் சாகிறார். படத்தில் வரைந்தால் இது சுத்தமான கழுத்து. ஆனாலும் முதல் முறை ஆடுகிறவர்களுக்கு அந்த முடிவு கனமாகவே இருந்தது. இடைப்பட்ட நேரமெல்லாம் நீ காப்பாற்றிய ஆள் உன் பக்கத்தில் நின்று, தனக்கே உரிய பேச்சைப் பேசினார். கனம் அங்கேதான் ஏறியது. அதில் வரும் சிறுமியைப் பற்றி ‘கிளெமென்டைன் இதை நினைவில் வைத்துக்கொள்வாள்’ என்று திரையோரத்தில் ஒரு வரி வருமே, அதை மட்டும் நீ அப்படியே எடுத்து வைத்திருக்கிறாய். அது வாக்குக் கொடுப்பது மாதிரி. உன் வரைவில் ‘பாட்டி இதை மறக்கமாட்டார்’ என்று நான்கு முறை வருகிறது, பாட்டி ஒரு முறைகூட நினைவுகூரவில்லை. வரியை எடுத்துவிடு, நினைவை வை.

எப்படி வைப்பது? நீ ‘நம்பிக்கை’ என்று ஒரே எண்ணை வைத்துக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறாய். எண் 3 என்றால் முத்தையாவுக்கு என்ன நினைவிருக்கும்? எதுவுமில்லை. எண்ணுக்குப் பதிலாக நடந்ததைப் பெயர் சொல்லி எழுது: லெட்சுமி அக்காவின் கடனைத் தள்ளினான், சாவியைக் கேட்டு வாங்கினான், தாத்தா படத்தைக் கழற்றினான். ஆம், இல்லை என்று ஆறு குறிகள் போதும். ஒவ்வொரு குறியும் குறைந்தது மூன்று இடத்தில் தலைகாட்ட வேண்டும். அடுத்த இரண்டு காட்சிக்குள் சின்னதாக ஒரு பார்வை அல்லது ஒரு சொல், நடுவில் ஒரு உரையாடல், கடைசியில் ஒரு விளைவு. முதல் எதிரொலி தள்ளிப்போனால் ஆடுகிறவன் தான் செய்ததையே மறந்துபோவான், பிறகு வரும் பெரிய விளைவு அவனுக்கு அநியாயமாகத் தெரியும். ட்வைனில் இது கைக்கு அடங்காமல் போனால் இங்கிள் நிறுவனத்தின் ‘இங்க்’ என்ற, இப்படிப்பட்ட கதை எழுதும் கணினி மொழிக்கு மாறு. 2016இலிருந்து திறமூலமாகக் கிடைக்கிறது. அதில் * போட்ட தேர்வு ஒருமுறை எடுத்ததும் மறைந்துவிடும், + போட்டது நிற்கும், - போட்ட இடத்தில் கிளைகள் தாமாகச் சேரும். எந்தக் காட்சிக்கு எத்தனை முறை வந்தான் என்பதை அதுவே எண்ணிவைத்துக்கொள்ளும்.

இனி முத்தையா. நம் மொழி நமக்குக் கொடுத்திருக்கும் கருவி ஒன்று இருக்கிறது, அதை நீ தொடவே இல்லை. முத்தையா நாற்பது வருஷமாகக் கடையில் இருப்பவர், பேரனைத் தூக்கி வளர்த்தவர். முதல் காட்சியில், “வா தம்பி, உட்காரு. டீ போடவா?” என்கிறார். சரி. கணக்கில் 200 வெள்ளி (ரிங்கிட்) குறைகிறது, பேரன் அவரைப் பார்த்து, “நீங்க எடுத்தீங்களா?” என்று கேட்கும் வழியை ஆடுகிறவன் தேர்ந்தெடுக்கிறான். நீ அங்கே முத்தையாவைக் கத்தவைத்து, வேலையை விட்டு அனுப்பி, ஒரு தனிக் கிளையே போட்டிருக்கிறாய். எதுவும் வேண்டாம். மறுநாள் காலையில் அதே கடை, அதே டீ. “வாங்க முதலாளி, உட்காருங்க.” அவ்வளவுதான். தமிழ் தெரிந்தவன் எவனுக்கும் அந்த ‘முதலாளி’ நெஞ்சில் தைக்கும். அதற்குமேல் ஒரு கிளையும் அவ்வளவு வேலை செய்யாது.

நடுவில் ஒரு படியும் உண்டு. கோபம் முற்றாத நிலையில் நம் ஆட்கள் கூப்பிடுவதையே நிறுத்திவிடுவார்கள். “டீ இருக்கு.” “சாவி ஆணியில தொங்குது.” யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாத வாக்கியம். ஆக மூன்று நிலை: தம்பி, கூப்பிடாமல் பேசுவது, முதலாளி. இதில் கவனம் வேண்டும். சொல்லை மட்டும் மாற்றிப்போட்டால் நடக்காது, வினைமுற்றும் கூடவே மாறும். ‘வா’ ‘வாங்க’ ஆகும், ‘பாரு’ ‘பாருங்க’ ஆகும். வாக்கியத்தை அப்படியே விட்டு, கூப்பிடும் வார்த்தையை மட்டும் மாற்றிச் செருகினால் ‘வா முதலாளி’ என்று வந்து தொலைக்கும். முத்தையாவுக்கு உன் வரைவில் 34 வரி இருக்கிறது. மூன்று நிலைக்கும் முழு வாக்கியமாக எழுது, 102 வரி. கேட்க அதிகம்தான், ஆனால் மிச்சப்படுத்திய 108 காட்சிகளோடு ஒப்பிட்டால் இது ஒரு வாரத்து வேலை.

ஆடுகிறவனே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்ற வசதியை எடுத்துவிடு. ஆங்கிலத்தில் பெயரை எங்கே செருகினாலும் நிற்கும். தமிழில் ‘மாலா’ என்றால் மாலாவை, ‘குமார்’ என்றால் குமாரை, ‘முத்து’ என்றால் முத்துவை. ஒவ்வொரு வேற்றுமைக்கும் விதி எழுதி மாளாது. கதையை நீ என்ற முன்னிலையில் சொல்வதும் நல்லது. ‘வந்தாய்’ என்பதற்கு ஆண் பெண் கிடையாது, பேரனா பேத்தியா என்பதைப் பிறகு முடிவுசெய்யலாம்.

555 புத்தகத்தை வெறும் வாசிப்புப் பொருளாக வைத்திருக்கிறாய், அது எனக்கு மனம் ஒப்பவில்லை. லூகாஸ் போப் 2013இல் செய்த ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ விளையாட்டில் எல்லைச் சாவடி அதிகாரிக்குச் சரியாகப் பார்த்த ஆளுக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் வாடகை, சாப்பாடு, வீட்டுக்குச் சூடு, மருந்து என்று ஒரு பட்டியல் வரும், காசு பத்தாது. யாரை உள்ளே விடுவது என்ற அறக்கேள்வி அந்தப் பட்டியலுக்குள்ளேயே வந்துவிடுகிறது, தனியாக யாரும் கேட்பதில்லை. முடிவுகள் 20. உன் கடையிலும் அதைச் செய். நாள் முடிவில் கல்லாவில் 180 வெள்ளி. மொத்த வியாபாரிக்கு வெள்ளிக்கிழமை 600 கட்ட வேண்டும். புத்தகத்தில் பன்னிரண்டு வரி: ‘லெட்சுமி, அரிசி 10 கிலோ, எண்ணெய் 1 போத்தல், 38 வெள்ளி’ என்கிற மாதிரி. யார் வீட்டுக்கு ஆள் அனுப்புவது, யார் பெயரைக் கோடு போட்டு அடிப்பது என்று ஆடுகிறவன் பேனாவைக் கையில் எடுக்கட்டும். ‘இரக்கம் காட்டு’, ‘கறாராக இரு’ என்று நீ வைத்திருக்கும் இரண்டு பொத்தானும் தேவைப்படாது.

பொத்தான் என்றதும் ஒன்று. தேர்வில் எழுதியிருப்பதும் பேரன் உண்மையில் பேசுவதும் ஒத்துப்போக வேண்டும். 2011இல் வந்த ‘எல். ஏ. நுவார்’ விளையாட்டில் ‘சந்தேகி’ என்ற பொத்தானை அழுத்தினால் துப்பறிவாளர் சாட்சி மேல் பாய்ந்து கத்திவிடுவார். 2017 மறுவெளியீட்டில் அந்தப் பெயர்களையே மாற்றினார்கள். உன் மூன்றாவது காட்சியில் ‘பாட்டியிடம் கேள்’ என்பதை அழுத்தினால் பேரன் குற்றம் சாட்டுகிறான். வாக்கியத்தையே எழுதிவிடு, ஏழெட்டுச் சொல்லுக்குள். நேரக்கெடு வைப்பதானால் தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதை மறக்காதே, பன்னிரண்டு விநாடிக்குக் குறைக்காதே. நேரம் போனால் ‘பேசாமல் இருந்தான்’ என்பதே ஒரு தேர்வாகட்டும். நம் வீடுகளில் அதைவிடப் பெரிய பதில் ஏது?

கெட்டதைத் தேர்ந்தால் கெட்டது, நல்லதைத் தேர்ந்தால் நல்லது என்று உடனுக்குடன் கொடுக்காதே. உடனே விளைவு தெரிந்தால் சேமித்த இடத்துக்குப் போய் மாற்றி ஆடுவார்கள். ‘தி விட்சர் 3’ (2015) விளையாட்டு இதில் எனக்கு மிகப் பிடித்த பாடம். மரத்தடியில் அடைபட்ட ஆவியை விடுவித்தால் அனாதைக் குழந்தைகள் பிழைக்கிறார்கள், பக்கத்து ஊர் அழிகிறது. அந்தப் பகுதிப் பிரபு ஒருவரின் மனைவியும் சாகிறாள், பிரபு தூக்கில் தொங்குகிறார். ஆவியைக் கொன்றால் குழந்தைகள் போய்விடுகிறார்கள். அது தெரியவருவதற்குள் வெகுதூரம் வந்திருப்பாய். அதே விளையாட்டில் நாயகனின் வளர்ப்பு மகள் சிரியின் முடிவு, மனம் உடைந்த நேரத்தில் அவளோடு பனியுருண்டை எறிந்து விளையாடினாயா, மதுக் குவளையை நீட்டினாயா என்கிற மாதிரிச் சின்ன இடங்களைச் சேர்த்துத்தான் அமைகிறது. ஆனால் ஒரு நியாயம் வேண்டும்: திரும்பிப் பார்த்தால் ‘ஆமாம், அப்போதே தெரிந்திருக்க வேண்டும்’ என்று தோன்றும்படி முன்பே ஒரு வரி வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது எழுதுகிறவன் செய்யும் மோசடி.

தோற்றால் கதை நிற்பதையும் மாற்று. ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) விளையாட்டு, நீ செய்ய நினைப்பது பலிக்குமா என்று சோதிக்க இரண்டு பகடை உருட்டும். வெள்ளைச் சோதனையைப் பிறகு திரும்ப முயலலாம், சிவப்புக்கு ஒரே வாய்ப்பு. தோற்றால் வருவதும் நன்றாக எழுதிய ஒரு காட்சிதான், அதனால் யாருக்கும் பின்னால் போகத் தோன்றாது.

கடைசிக் காட்சியில் உனக்கு ஆபத்து இருக்கிறது. கடையை விற்பதா, வைத்துக்கொள்வதா, முத்தையாவிடம் கொடுப்பதா என்று மூன்று பொத்தான் வைத்து முடிக்கிறாய், அதுவரை நடந்த எதையும் கேட்காமல். 2012இல் ‘மாஸ் எஃபெக்ட் 3’ அப்படி முடித்ததால்தான் அவ்வளவு கொதிப்பு. மூன்று ஆட்டமாகச் சேர்த்துவைத்த முடிவுகள் எல்லாம் கடைசி மூன்று வழிகளுக்கு முன் கரைந்துபோனதாக ரசிகர்கள் நினைத்தார்கள். அதே ஆண்டு ஜூனில் நீட்டித்த முடிவை இலவசமாகக் கொடுத்தார்கள். உன் மூன்று வழியும் எல்லாருக்கும் திறந்திருக்கக் கூடாது. ‘முதலாளி’ என்று கூப்பிடும் நிலையில் இருக்கும் முத்தையாவிடம் கடையைக் கொடுக்கப் போனால், அவர் வாங்கமாட்டார். “வேணாங்க” என்று சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். கேட்க முடிந்தும் கிடைக்காமல் போவது, பொத்தானே இல்லாமல் இருப்பதைவிட வலிக்கும்.

எழுத்துரு விஷயமும் கேட்டிருந்தாய். விளையாட்டு செய்யும் யூனிட்டி மென்பொருளுக்குப் போகாதே என்பேன். அதில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ தமிழைத் தானாகக் கோக்காது, ‘கெ’ என்பதில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். ட்வைன் உலாவியில் ஓடுவதால் அந்தத் தொல்லை இல்லை, யூனிட்டி மாதிரியே இன்னொரு மென்பொருளான, 2023இல் வந்த கோடோ 4உம் சரியாகக் காட்டும். எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு ஆவது மாதிரி வைத்திருக்கிறாயே, அங்கே ‘கொ’ வரும்போது முதலில் க தெரிந்து, பிறகு கொம்பு முளைத்து க வலப்பக்கம் குதிக்கிறது. உள்ளே அது க, ஒகரக் குறி என்று இரண்டு குறியீடு. குறியீடு குறியீடாக வெளியிடாமல் முழு எழுத்தாக, முடிந்தால் சொல் சொல்லாக வெளியிடு.

சோதிக்கும்போது ஆறு குறிக்கு 64 சேர்க்கை என்பதால் எல்லாவற்றையும் ஆடிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொரு குறியையும் தனியாக ஒருமுறை, எல்லாம் ஆம் ஒருமுறை, எல்லாம் இல்லை ஒருமுறை, ஆக எட்டு ஓட்டம். பெரும்பாலான முரண் அதில் சிக்கும். முக்கியமாகத் தாத்தா படத்தைக் கழற்றிய பிறகும் பாட்டி படத்துக்குப் பூப் போடுகிறாரா என்று பார், இப்போதைய வரைவில் போடுகிறார். அதைத் திருத்துவதற்கு முன் யோசி. வெறும் ஆணிக்கு முன்னால் பாட்டி பூவோடு நிற்பதாக எழுதினால் எப்படி இருக்கும்? எனக்கு அந்தக் காட்சி வேண்டும்.

அதையும் முத்தையாவின் மறுநாள் காலையையும் முதலில் எழுதி அனுப்பு. மூன்று நிலைக்கும் வசனம் போட்டே அனுப்பு, பேச்சு வழக்கை நான் பார்த்துத் தருகிறேன். வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்