லோதியன் பிரபுவின் கடைசி உரை தமிழில் வர உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

1940 டிசம்பர் 11. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் விவசாயிகள் கூட்டமைப்பின் மாநாடு. பேச வேண்டிய பிரிட்டிஷ் தூதர் லோதியன் பிரபு வாஷிங்டனில் நோயாகப் படுத்திருந்தார். வைத்தியம் பார்க்க அவருடைய சமய நம்பிக்கை இடம்தரவில்லை. எழுதி வைத்திருந்த உரையைத் தூதரக அதிகாரி ஒருவர் மேடையில் வாசித்தார். மறுநாள் லோதியன் உயிரோடு இல்லை.

இரண்டாம் உலகப் போரில் பிரான்ஸ் ஜெர்மனியிடம் விழுந்து ஆறு மாதம். லண்டனில் குண்டு விழாத இரவுகள் குறைவு. பிரிட்டனின் கஜானாவும் காலியாகிக்கொண்டிருந்தது, அதை அவர் மறைக்கவில்லை. நாங்கள் போராடுகிறோம், ஆனால் முடிவு பெரும்பாலும் உங்கள் கையில் என்று அந்த விவசாயிகளிடம் உரையில் வெளிப்படையாகவே சொன்னார். மூன்று மாதம் கழித்து, 1941 மார்ச் 11-ல், பிரிட்டன் போன்ற நாடுகளுக்கு உடனே பணம் கேட்காமல் போர்த் தளவாடங்கள் தர வழிசெய்த கடன்-குத்தகைச் சட்டம் அமெரிக்காவில் வந்தது.

இந்த உரையைத்தான் தமிழாக்கி முடித்திருக்கிறோம். ‘எங்களை ஆதரித்தால், ஒரு க்விட்டரை ஆதரித்ததாக ஆகாது’ என்கிறார் ஓரிடத்தில். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு மாலை முழுக்கப் போயிற்று. ‘கோழை’ பொருந்தவில்லை. ‘பாதியில் விட்டு ஓடுபவர்’ நீண்டுவிட்டது. ‘புறமுதுகிடுபவர்’ என்று ஒருவர் சொன்னதும் எல்லோரும் பேனாவை எடுத்தோம்.

உரையை மட்டும் அச்சிட்டால் அது பாதிப் புத்தகம்தான். 1932-ல் இந்தியாவில் யாருக்கு வாக்குரிமை என்று ஆராய்ந்த குழுவின் தலைவர் இதே லோதியன். சுதந்திரம் காக்க அவர் உதவி கேட்ட அந்த நாட்களில், நம்மைக் கேட்காமலே இந்தியாவைப் போரில் இழுத்துவிட்டதை எதிர்த்த நேரு சிறையில் இருந்தார். அதே டிசம்பரில் ராஜாஜியும் கைதானார். அந்த உரை உண்மையாகவே நெஞ்சைத் தொடுகிறது. இந்த முரணும் உண்மை. இரண்டையும் நம் பிள்ளைகள் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதால் விரிவான குறிப்புகள் சேர்த்திருக்கிறோம். பக்கம் கூடியது, செலவும் கூடியது.

பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் அதற்குப் பணம் வேண்டாம். மொழிபெயர்த்தவர்களும் பிழை திருத்தியவர்களும் ஊதியம் பெறவில்லை. காகிதம், அச்சு, பைண்டிங், தபால் செலவு மட்டுமே. 500 பிரதிகள் அச்சிட எண்ணம். அவற்றில் 300 கிராம நூலகங்களுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் இலவசமாகப் போகும்.

100 ரூபாயும் எங்களுக்குப் பெரிய தொகைதான். 500 ரூபாய்க்கு மேல் தருவோருக்கு இரண்டு பிரதிகள் அனுப்புகிறோம். உங்களுக்குத் தெரிந்த குழு உறுப்பினரிடம் நேரில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவுக் கணக்கு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சாகும். தை பிறந்ததும் அச்சகத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும். அதற்குள் தந்தால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புக் குழுவினர்