ஒப்புதல் தந்துவிட்டுப் பணம் மறுப்பது முறையா? ஆயுஷ்மான் திட்ட அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான ஆயுஷ்மான் பாரத்தில் இணைந்துள்ள, 20 படுக்கைகள் கொண்ட ஒரு சிறிய மருத்துவமனையின் மருத்துவர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை, நோயாளியிடம் ஒரு ரூபாயும் வாங்கக் கூடாது, சிகிச்சைச் செலவைக் கேட்டு மருத்துவமனை அனுப்பும் கிளைம்களில் மாநிலத்துக்குள்ளானவற்றுக்கு 15 நாளில் பணம் என்பவையெல்லாம் நீங்கள் வகுத்த விதிகள். அவற்றை உங்களுக்கே எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நான் கேட்பது ஒன்றுதான். கட்டணத்திலோ சிகிச்சைப் பட்டியலிலோ மாற்றம் செய்தால், அது நடைமுறைக்கு வரும் தேதியைக் குறிப்பிட்டு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள். நீங்களே முன் அனுமதி தந்த சிகிச்சைக்கு அதைக் காட்டிப் பணத்தை மறுக்காதீர்கள்.

அண்மையில் கூலி வேலை செய்யும் பெண்மணி ஒருவர் கருப்பைக் கட்டியால் மாதக்கணக்கில் உதிரப்போக்குக்கு ஆளாகி, ஹீமோகுளோபின் 6 கிராமுக்கு இறங்கிய நிலையில் எங்களிடம் வந்தார். இரத்தம் ஏற்றித் தேற்றிய பின், ஸ்கேன் அறிக்கை உள்ளிட்ட ஆவணங்களைப் பதிவேற்றி முன் அனுமதி கேட்டோம். மறுநாள் காலை ஒப்புதல் வந்தது. கருப்பையை அகற்றி, ஐந்தாம் நாள், விதிப்படி 15 நாள் மருந்தும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினோம். கிளைம் அனுப்பியதும் டிஸ்சார்ஜ் அறிக்கை தெளிவாக இல்லை என்றார்கள், மீண்டும் அனுப்பினோம். பிறகு தையல் தழும்பின் படம் வேண்டும் என்றார்கள். அதற்காகவே அவரை வரவழைத்தோம். அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று. நாற்பதாம் நாள் கிளைம் நிராகரிக்கப்பட்டது: "இச்சிகிச்சை அரசு மருத்துவமனைகளுக்கு மட்டும்."

எந்த ஆணைப்படி, எந்தத் தேதியிலிருந்து என்று உதவி எண்ணில் கேட்டதற்கு, "இணையதளத்தில் போட்டிருக்கிறோமே, பார்க்கவில்லையா?" என்ற பதில் கிடைத்தது. பார்த்தோம். அங்கே இருந்தது தேதியே இல்லாத ஒரு பட்டியல்.

தேவையில்லாமல் கருப்பைகள் அகற்றப்பட்டதால்தான் சில மாநிலங்களில் இந்த அறுவை சிகிச்சை அரசு மருத்துவமனைகளுக்கென ஒதுக்கப்பட்டது என்பதை அறிவேன். எங்கள் தொழிலில் இருப்பவர்கள் சிலர் செய்த தவறு அது, மறுக்க மாட்டேன். தாராளமாக ஒதுக்குங்கள். ஆனால் ஒதுக்கிய பிறகும் ஒப்புதல் தந்தது யார்? மயக்க மருத்துவருக்கும் இரத்த வங்கிக்கும் நாங்கள் அன்றே பணம் கொடுத்துவிட்டோம். செவிலியர்களின் சம்பளத்தைத்தான் பத்து நாள் தள்ளிப்போட்டோம். அந்த அம்மாவிடம் கேட்க விதியும் இடந்தராது, மனமும் வராது.

நாங்கள் கிளைம் அனுப்பத் தாமதித்தால் காரணம் கேட்டுக் கடிதம் வருகிறது. உங்கள் தாமதத்துக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்ற இரண்டு சொற்களோடு கதை முடிந்துவிடுகிறது. 2024 அக்டோபரில் 70 வயது நிறைந்த அனைவரையும் திட்டத்தில் சேர்த்தபோது அச்செய்தி மூலை முடுக்கெல்லாம் எட்டியது. நல்ல செய்தி, எட்டத்தான் வேண்டும். அவ்வளவு உரக்கப் பேசத் தெரிந்த திட்டத்துக்கு, ஒரு சிகிச்சையைப் பட்டியலிலிருந்து எடுக்கும்போது மட்டும் தொண்டை கட்டிக்கொள்வது ஏனோ தெரியவில்லை.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருளுங்கள். முன் அனுமதி பெற்றுச் செய்யப்பட்ட இந்த அறுவை சிகிச்சைக்கான கிளைமை மறுபரிசீலனை செய்யவும், இனி வரும் மாற்றங்களைத் தேதியிட்ட சுற்றறிக்கையாக முன்னதாகவே அனுப்பவும் பணிவுடன் வேண்டுகிறேன். அதே சிக்கலோடு இன்னொரு பெண் எங்கள் வார்டில் படுத்திருக்கிறார். நேற்று அவருக்கும் உங்கள் ஒப்புதல் வந்துவிட்டது. அதை நம்பிக் கத்தியை எடுக்கலாமா என்பதை மட்டும் எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
திட்டத்திலிருந்து இன்னும் விலகாத ஒரு மருத்துவர்