பிள்ளை பிறந்த பின்னான இரண்டு மணி நேரம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரசவத்தின்போது தாய் இறந்த செய்தி நாளிதழில் வரும்போதெல்லாம், மருத்துவர் பணியில் இருந்தாரா, ஆம்புலன்ஸ் எப்போது வந்தது, இரத்தம் கையிருப்பில் இருந்ததா என்ற மூன்று கேள்விகளைச் சுற்றியே பேச்சு நடக்கிறது. மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆனால் அவற்றுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பிள்ளை பிறந்து நஞ்சுக்கொடியும் விழுந்த பிறகு, முதல் இரண்டு மணி நேரம் அந்தத் தாயின் கட்டிலருகே யார் இருந்தார்கள்? திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் பிரசவ அறைகளில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்த ஓய்வுபெற்ற செவிலியர் என்ற முறையில், இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018–20 காலத்துக்கான அரசுக் கணக்கில், உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறக்க, தமிழகத்தில் அந்த எண்ணிக்கை 54. வரப்பு வழியே நடந்து வீடு வீடாகப் போய் கர்ப்பிணிகளைப் பதிவு செய்த கிராம சுகாதார செவிலியர்களின் உழைப்பு அதில் இருக்கிறது. அதை நினைத்து நாம் பெருமைப்படலாம். அதே எண் நம்மீது ஒரு பொறுப்பையும் சுமத்துகிறது. வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள், நேரம் கடந்து கொண்டுவந்தார்கள் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள முன்பு இடமிருந்தது. இன்று ஏறக்குறைய எல்லாப் பெண்களும் நம்மிடம் வந்துவிடுகிறார்கள். இரத்தப்போக்கு தொடங்கும்போது அவர்கள் நம் கூரையின் கீழேதான் இருக்கிறார்கள்.

நிறைமாதக் கருப்பைக்குள் ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கு மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சு பிரிந்தவுடன் கருப்பையின் தசை இறுகி, திறந்து கிடக்கும் இரத்தக் குழாய்களை நெரித்து மூட வேண்டும். அது இறுகாமல் தளர்ந்துபோனால் சற்று நேரத்திலேயே உயிருக்கு ஆபத்து. குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போடுவது இதற்காகத்தான். ஊசியோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கால் மணிக்கொரு முறை தாயின் அடிவயிற்றில் கையை வைத்து, கருப்பை பந்துபோல் கெட்டியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். தொப்புளுக்கு மேலே ஏறி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறது என்று பொருள். நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையை இறுக விடாது. தையல் போட்ட வலியிலும் கூச்சத்திலும் அந்தப் பெண் தானாகச் சொல்ல மாட்டாள். நாம்தான் கேட்டு, கைத்தாங்கலாக எழுப்பி, சிறுநீர் கழிக்க வைக்க வேண்டும். இந்தச் சின்ன வேலையைச் செய்ததும் கைக்குக் கீழே கருப்பை இறுகுவதை நான் பல இரவுகளில் உணர்ந்திருக்கிறேன்.

கொட்டுகிற இரத்தத்தை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். அதைக் கண்டு அறையே ஓடிவரும். கசிகிற இரத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. இடுப்புக்குக் கீழே உள்ள துணியில் ஊறி, விரிப்பின் ஓரத்தில் தேங்கி, நனைந்த பேடோடு வாளிக்குள் போய்விடுகிறது. பனிக்குட நீரும் சேர்ந்துகொண்டால் கணக்கு இன்னும் குழம்பும். சுகப்பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல் போனால் அது மிகைப்போக்கு என்று நாங்கள் எல்லோரும் படித்திருக்கிறோம். ஆனால் கண்ணால் பார்த்து மதிப்பிடும்போது அனுபவசாலிகள்கூடக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள், இழப்பு கூடக்கூடப் பிழையும் கூடுகிறது. இரத்த அழுத்தம் இறங்கிய பிறகு விழித்துக்கொள்வது தாமதம். இளம் பெண்ணின் உடல் நெடுநேரம் தாக்குப்பிடித்துக் காட்டும்; அதற்கு முன்பே நாடித்துடிப்பு ஏறியிருக்கும்.

இதற்கு விடை நம் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் 80 மருத்துவமனைகளில், இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடத்தப்பட்ட இ-மோட்டிவ் என்ற ஆய்வின் முடிவு 2023ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரசவித்த பெண்ணின் இடுப்புக்குக் கீழே அளவுகோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் பொருத்தி, வடியும் இரத்தத்தை அளந்தார்கள். அளவு கோட்டைத் தாண்டியவுடன், கருப்பையைத் தடவிவிடுவது, கருப்பையை இறுக்கும் மருந்து, இரத்தம் உறைய உதவும் டிரானெக்சாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், எங்கிருந்து இரத்தம் வருகிறது என்ற பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்காமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடும் இரத்தப்போக்கும் அதன் மோசமான விளைவுகளும் 60 விழுக்காடு குறைந்தன. வழக்கமான முறையில் பாதியளவே கண்டுபிடிக்கப்பட்ட இரத்தப்போக்கு, அளந்தபோது பத்துக்கு ஒன்பதுக்கு மேல் கண்டுபிடிக்கப்பட்டது. இவற்றில் புதிய மருந்து ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் செவிலியர்களும் பேறுகாலத் தாதியரும் தம் கையால் செய்த வேலை அது. அளவுகோடு போட்ட விரிப்பு டெல்டாவின் ஒவ்வொரு பிரசவ அறையிலும் கையுறையைப் போல அன்றாடப் பொருளாக இருக்க வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை.

நம் பகுதிக்கு இது கூடுதலாகப் பொருந்துவதற்குக் காரணம் இரத்தசோகை. மேற்சொன்ன குடும்பநல ஆய்வின்படி தமிழகக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. நடவுக்கும் களையெடுப்புக்கும் ஏழாம் மாதம்வரை போய்விட்டு, ஹீமோகுளோபின் எட்டோ ஒன்பதோ என்ற நிலையில் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்குப் பாடப்புத்தகத்தின் 500 மில்லி பொருந்தாது. அதற்கு வெகு முன்பே அவள் துவண்டுவிடுவாள்.

இனி, அந்தக் கால் மணிக்கொரு முறைப் பரிசோதனையைச் செய்ய வேண்டிய ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இருபத்துநான்கு மணி நேர ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்று செவிலியர்கள் சுழற்சியில் பணிபுரிந்தால், இரவில் இருப்பவர் ஒருவர். பிள்ளையைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்துவது, முதல் மணி நேரத்துக்குள் பால் குடிக்க வைப்பது, நஞ்சு முழுமையாக வந்ததா என்று விரித்துப் பார்ப்பது, தையல் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்திக்கு வலி ஏறிக்கொண்டிருக்கும். வாசலில் நாய் கடித்த பிள்ளையோடு ஒரு குடும்பம் நிற்கும். இவற்றுக்கு நடுவே பதிவேடுகளும் கணினிப் பதிவும் அவருக்காகக் காத்திருக்கின்றன. பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் கிடைக்காது, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணையும் வராது என்பதால், பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எந்தச் செவிலியரும் துணிய மாட்டார். நான் பணியாற்றிய ஒரு நிலையத்தில், பதிவு தாமதமானதற்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்ததுண்டு. கால் மணிக்கொரு முறை நாடி பார்க்கவில்லை என்று ஒருபோதும் வந்ததில்லை. அந்த இரண்டு மணி நேரத்துக்குச் செவிலியரிடம் எழுத்து வேலை எதையும் கேட்கக்கூடாது என்று துறை உத்தரவிட வேண்டும். பிரசவம் நடக்கும் இரவில் பயிற்சி பெற்ற இரண்டாவது கை ஒன்று அறையில் இருக்க வேண்டும். தாயும் சேயுமாக இரண்டு உயிர்களை ஒருவர் ஒரே நேரத்தில் பார்ப்பது இயலாது என்பதைப் பணி அட்டவணை போடுகிறவர்கள் உணர வேண்டும்.

மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு எத்தனை ஊர்கள் எத்தனை நாள் மின்சாரமின்றிக் கிடந்தன என்பதை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. குளிர் போன ஊசிமருந்து பார்வைக்கு மாறாது; வேலை செய்யும் திறன் மட்டும் குறையும். ஐப்பசி, கார்த்திகை பிறக்குமுன் கடலோர நிலையங்களின் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு மாற்று மின்வசதி சரிபார்க்கப்பட வேண்டும். குளிர் தேவைப்படாத, வெப்பம் தாங்கும் கார்பெடோசின் என்ற, கருப்பையை இறுக்கும் மருந்தையும் அங்கே இருப்பில் வைக்கலாம்.

அறுவைப் பிரசவம் பெருகிவிட்ட காலத்தில் இந்தக் கண்காணிப்பு பிரசவ அறையோடு நின்றுவிடவும் கூடாது. அதே குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 44.9 விழுக்காடு பிரசவங்கள் அறுவை சிகிச்சையால் நடக்கின்றன. மயக்கம் தெளியாத பெண்ணைப் பொதுப் படுக்கைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு வந்து விட்டபிறகு, அங்கே நாற்பது கட்டில்களுக்கு ஒரு செவிலியர் என்றால் அந்த இரண்டு மணி நேரத்தை யார் பார்ப்பார்கள்? பேறுகாலப் பணிக்கென்றே செவிலியர்களுக்கு 18 மாதச் சிறப்புப் பயிற்சி தரும் வழிகாட்டுதலை மத்திய அரசு 2018இல் வெளியிட்டது. அப்படிப் பயிற்சி பெற்று வருகிறவர்களை வேறு பிரிவுகளுக்கு மாற்றாமல் பேறுகாலப் பணியிலேயே நிலைநிறுத்துவது, பயிற்சியைத் தொடங்குவதைவிட முக்கியம் என்று கருதுகிறேன்.

அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப் பெண் ஒருவர் உடனிருக்க அனுமதி உண்டு. அவரையும் இந்தக் கண்காணிப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தால் வயிறு பெருத்துவிடும் என்று சொல்லி, தாகம் என்று கேட்பவளின் உதட்டை மட்டும் நனைத்துவிடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தாகமும் படபடப்பும் கொட்டாவியும் குளிர்ந்து வியர்ப்பதும் இரத்தம் போய்க்கொண்டிருப்பதன் அடையாளங்களாக இருக்கலாம். அங்கன்வாடிகளில் சமுதாய வளைகாப்பு நடத்தும் நாளில், வளையலும் சீரும் கொடுக்கும்போதே, கூட வந்திருக்கும் அம்மாவுக்கும் மாமியாருக்கும் இதைக் கிராம சுகாதார செவிலியர் பத்து நிமிடம் சொல்லிக்கொடுக்கட்டும்: பிரசவமானவள் தண்ணீர் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், கொடுத்த கையோடு செவிலியரையும் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்.