தேற்றத்தை விட்டுவிடச் சொல்லலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் கல்விப் பக்கத்தில், பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வுக் குறிப்புகளில் "தேற்றங்கள் கடினமாக இருந்தால் விட்டுவிடலாம், செய்முறை வடிவியலில் 8 மதிப்பெண் உறுதி" என்று போட்டிருந்தீர்கள். செய்முறை வடிவியல் என்பது கொடுத்த அளவுக்குப் படம் வரையும் கேள்விதான். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

எட்டு மதிப்பெண் வரும், சரி. என் மகளும் நன்றாகத்தான் வரைகிறாள். அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60 பாகை, நடுக்கோடு 5.8 செ.மீ. என்று கொடுத்தால் உதவிப்படம், வரைமுறை எல்லாம் எழுதி மளமளவென்று முடித்துவிடுவாள். உச்சியில் வரவேண்டிய 60 பாகையை அடிப்பக்கத்துக்குக் கீழே ஏன் வரைகிறாய் என்று கேட்டேன். "அப்படித்தான் வரையணும்பா" என்றாள். கீழே போகும் அந்தக் கோடு, முக்கோணத்தின் மூன்று முனைகள் வழியாகப் போகும் வட்டத்துக்குத் தொடுகோடு, அதனால்தான் அதற்குச் செங்குத்தாகப் போட்ட கோட்டில் வட்டத்தின் மையம் வருகிறது, மாற்று வட்டத்துண்டில், அதாவது அடிப்பக்கத்துக்கு மறுபக்கம் இருக்கும் வட்டப் பகுதியில், அதே 60 பாகை அமைகிறது. இது அதே பாடத்தில் தேற்றமாகவே இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததில்லை. அதைத்தான் விட்டுவிடச் சொல்கிறீர்கள்.

என் அப்பா கொத்தனார். சுவர் மூலையைச் செங்கோணமாக எடுக்கும்போது ஒரு நூலில் 3 அடியும் மற்றதில் 4 அடியும் குறித்துக் குறுக்கே 5 அடி வருகிறதா என்று பார்ப்பார். நான் ஸ்கூலில் படித்த பிதாகரஸ் தேற்றத்தையும், பக்கங்கள் அந்தக் கணக்கில் அமைந்தால் மூலை செங்கோணம்தான் என்கிற அதன் மறுதலையையும் நோட்டில் காட்டியபோது, "அப்ப 6, 8, 10 வெச்சாலும் வருமா" என்று கேட்டு, அடுத்த பெரிய மூலைக்கு அப்படியே வைத்துப் பார்த்தார். பள்ளிக்கூடம் போகாதவருக்குக் காரணம் புரியும்போது, படிக்கிற பிள்ளைக்குப் புரியாது என்று நாமே ஏன் முடிவு கட்ட வேண்டும்?

இது முதல் தடவையும் இல்லை. தேர்வு வந்தாலே முக்கிய வினாக்கள், நூற்றுக்கு நூறு வாங்கியவர்களின் படங்கள், வேறொன்றும் இல்லை. போன வருஷம் மாதிரி வினாத்தாளில் வட்டமே நசுங்கி அச்சாகியிருந்தது, எழுதிப் போட்டேன், பதில் இல்லை. எத்தனையோ பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் பாடத்தைத் தொடங்கிவிடுகிறார்கள், நிரூபணம் எழுதிப் பழக வேண்டிய வருஷம் அப்படியே போய்விடுகிறது. அப்புறம் பதினொன்றில் முக்கோணவியல் வந்ததும் பிள்ளை திணறுகிறது, கணக்கு வராத பிள்ளை என்று பேர் வாங்குகிறது.

நான் கேட்பது அதிகமில்லை. தேர்வு முடியும்வரை வாரம் ஒரு தேற்றத்தை நிரூபணத்தோடு போடுங்கள். இடமில்லையென்றால் மாற்று வட்டத்துண்டுத் தேற்றம் ஒன்றாவது, வட்டம் வட்டமாக இருக்கும் படத்தோடு.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு மாணவியின் தந்தை,
விருத்தாசலம்